தாழ்வாரத்துப் பூனைக்கு ஒரு முகவரி

பூனையை வீட்டுக்குள்ளேயே அடைத்துவைப்பது கடினம். வெளியே விட்டால் கண்ட இடத்தில் மலஜலம் கழிக்கும், முடி உதிர்க்கும், இரவில் கத்தி ஊரை எழுப்பும். அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கக் கூடாது என்பதற்கு, சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த காரணத்தின் சாரம் இதுதான். பூனைப் பிரியர்கள் இதைப் படித்துக் கொதித்துப் போனதுண்டு. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், இதில் பொய் ஒரு வரிகூட இல்லை. நாலாவது மாடித் தாழ்வாரத்தில் கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருக்கும் எந்த அக்காவைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார்.

1989-ஆம் ஆண்டின் விலங்குகள் விதிகள் பூனைக்கு வீவக வீட்டில் இடமே இல்லை என்று சொல்லிவிட்டன. நாய்க்காவது, அனுமதி பெற்ற சிறிய இனமாக இருந்தால், வீட்டுக்கு ஒன்று என்ற சலுகை உண்டு. பூனை வைத்திருப்பது தெரிந்தால் 4,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம், அல்லது பூனையை வெளியேற்றச் சொல்லலாம். மக்களில் ஐந்துக்கு ஏறத்தாழ நான்கு பேர் வீவக வீட்டில் வாழும் நாட்டில் இது கிட்டத்தட்ட நாடு முழுவதற்குமான தடைதான். 2024 செப்டம்பர் 1 அன்று அந்தத் தடை நீங்கியது. இடையில் 35 ஆண்டுகள். அத்தனை ஆண்டு இருந்த தடை அந்த அக்காவின் தொட்டியைக் காப்பாற்றியதா என்றால், இல்லை. ஏன் காப்பாற்றவில்லை என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கம்பத்தில் பூனைக்கு உரிமையாளர் என்று ஒருவர் இருந்ததில்லை, அப்படி ஒருவர் தேவைப்படவும் இல்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைபார்த்த நம்மவர்கள் புழங்கிய பழைய சோங் பாங் கிராமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, சில வீடுகளுக்கு அத்தாப்புக் கூரை. வீட்டுக்குப் பின்னால் வாழை, முருங்கை, கோழிக்கூண்டு. அரிசி மூட்டை இருக்கும் வீட்டுக்கு எலி வரும், எலி வரும் வீட்டுக்குப் பூனை வரும். மீன் கழுவிய தண்ணீரையும் தலையையும் யார் வெளியே கொட்டுகிறார்களோ அன்றைக்கு அவர் வீட்டுப் பூனை. மறுநாள் அது எதிர்வீட்டு மலாய்க்காரர் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே குட்டி போட்டிருக்கும். யாரும் யாரிடமும் கணக்குக் கேட்டதில்லை.

அது எங்கே போய்க் கழித்தது என்றும் யாரும் கேட்டதில்லை. பூனைக்கு வேண்டியது காய்ந்த, பொலபொலவென்ற மண். முன்காலால் ஒரு குழி பறிக்கும், வேலையை முடிக்கும், மோந்து பார்க்கும், திரும்ப மண்ணைத் தள்ளி மூடும். தன் வாடையை மறைக்கும் இந்தப் பழக்கம் அதன் காட்டு மூதாதையரிடமிருந்து வந்தது. கம்பத்தில் அப்படிப்பட்ட மண்ணுக்குப் பஞ்சமில்லை. பூனை மூடியதைக் கோழி கிளறும், கோழி கிளறியதை மழை அடித்துக்கொண்டு போகும். அதோடு, மனிதர் கழிவையே வாளியில் அள்ளி லாரியில் ஏற்றிக்கொண்டு போன காலம் அது. அந்த வாளி முறை சிங்கப்பூரில் முற்றிலும் ஒழிந்தது 1987-இல்தான். கொல்லைப்புற வாளிக்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு பழகியவர்களுக்குப் பூனைப் பீ ஒரு பொருட்டாகவே தோன்றியிருக்காது.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்கிவிட வேண்டாம். செருப்பில்லாமல் அந்த மண்ணில் ஓடிய பிள்ளைகள் வயிற்றில் புழு இல்லாமல் வளர்ந்ததில்லை. பூனை, நாய்க் கழிவிலிருந்து மண்ணுக்கு வரும் கொக்கிப்புழுக்களில் சில மனிதத் தோலுக்குள் நுழைந்து, சிவந்த கோடாக ஊர்ந்துகொண்டே போகும். அரிப்பு தாங்காது. குட்டிகள் பெருகிவிட்டால் சாக்கில் போட்டுச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருவார்கள். கருத்தடை என்ற பேச்சே கிடையாது. அன்றைக்குப் பூனைமீது இருந்தது பாசம் என்பதைவிடச் சகிப்பு என்பதே சரி. அந்தச் சகிப்புக்கும் இடம் கொடுத்தது மண்தான்.

1960-இல் வீவக தொடங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் கம்பங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. சோங் பாங் கிராமமும் 1980-களின் கடைசியில் போய்விட்டது. மக்கள் புளோக்குகளுக்குக் குடிவந்தார்கள், கையோடு தொட்டிகளையும் கொண்டுவந்தார்கள். துளசி, கறிவேப்பிலை, கற்பூரவல்லி, பாண்டான் இலை, சீனர் வீட்டு வாசலில் எலுமிச்சை. பூனைகளும் வந்தன. சில மனிதரோடு மின்தூக்கியில் ஏறி வந்தன, சில கீழ்த்தளத்தில் தங்கின.

வராமல் போனது மண். கீழே சிமென்ட்டுத் தரை, சுற்றிலும் தார்ச்சாலை, நடுவே இறுகிய புல்தரை. அந்தப் புல்லை நகத்தால் கீறித் தோண்டுவது பூனைக்குப் பெரும்பாடு. ஆனால் நாலாவது மாடியில், தென்னைநார்த் தூளும் உரமும் கலந்து, அன்றாடம் கொத்திவிட்டுப் பஞ்சுபோல வைத்திருக்கும் ஒரு தொட்டி இருக்கிறது. பூனையின் கண்ணுக்கு அந்த வட்டாரத்தில் இருக்கும் ஒரே கழிப்பறை அதுதான்.

காலையில் தண்ணீர் ஊற்ற வரும் அக்கா காண்பது இது. தொட்டி மண் ஒரு பக்கமாகக் குவிந்திருக்கிறது. நேற்று நட்ட வெந்தயக்கீரை நாற்றுகள் வேரோடு வெளியே கிடக்கின்றன. தரையில் மண் அரைவட்டமாகச் சிதறியிருக்கிறது. குவியலைக் குச்சியால் விலக்கினால் உள்ளே இருப்பது இருக்கிறது. கருத்தடை செய்யாத ஆண் பூனையாக இருந்தால் இன்னொன்றும் செய்திருக்கும். பின்பக்கத்தைக் கதவுப் பக்கம் திருப்பி, வாலை நிமிர்த்தி நடுக்கி, காலணி அலமாரிமீது பீய்ச்சிவிட்டுப் போயிருக்கும். அது மூத்திரத் தேவைக்காகச் செய்வதல்ல, ‘இது என் எல்லை’ என்று மற்ற ஆண் பூனைகளுக்குச் சொல்லும் அறிவிப்பு. டெட்டால் ஊற்றிக் கழுவினாலும் வெயில் ஏறியதும் அந்த வாடை திரும்ப எழும். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையின் காலணி பாழ்.

யாரிடம் போய்ச் சொல்வது? தடைக்காலத்தின் சிக்கலே இங்கேதான். மூன்று கதவு தள்ளி இருக்கும் வீட்டுப் பூனை என்று தெரியும். தட்டிக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “எங்க வீட்டுப் பூனை இல்ல ஆன்ட்டி, அது கீழேர்ந்து ஏறி வருது. பாவம்னு கொஞ்சம் சோறு வைப்போம், அவ்வளவுதான்.” அவர் பொய் சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் ‘ஆமாம், என் பூனைதான், மன்னியுங்கள், நானே சுத்தம் செய்கிறேன்’ என்று சொன்னால் அது குற்ற ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும்.

புகார் கொடுப்பவர் நிலையும் சங்கடம்தான். 1988-இல் சட்டம் வந்து அமைந்த நகர மன்றத்துக்கோ வீவகவுக்கோ எழுதிப் போட்டால், அந்த வீட்டில் பூனை இருக்க முடியாது. வெளியே விடப்பட்டுப் பிடிபட்டால் பெரும்பாலும் உயிரோடு திரும்பாது. ஒரு தொட்டிச் செடிக்காக அந்தப் பாவத்தைச் சுமக்கப் பலருக்கு மனம் வரவில்லை. எனவே சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு சுத்தம் செய்தார்கள். சிலர் பாச்சை உருண்டை போட்டார்கள். சிலர் வெந்நீரை ஊற்றினார்கள். சுத்தத்துக்காக வந்த விதி, சுத்தம் செய்ய வேண்டியவரை ஒளிந்துகொள்ள வைத்தது. பூனை இருந்தது, மலம் இருந்தது, உரிமையாளர் மட்டும் காணாமல் போனார். பூனையை வீட்டுக்குள் வைத்து வளர்க்க நினைத்த நல்லவருக்கும் இதே நிலை. சன்னலுக்கு வலை அடித்தால் பூனை இருப்பது ஊருக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் இருக்க வேண்டுமானால் கதவைத் திறந்துவிடுவதே உத்தி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வீட்டுக்குள் பூனை கூடாது என்ற விதி வந்து ஓரிரு ஆண்டுகளில், 1990-களின் தொடக்கத்தில், சுற்றுலாத் துறை ‘சிங்கப்பூரா’ என்ற சின்ன உருவப் பூனை இனத்தை நாட்டின் செல்லச் சின்னமாக எடுத்துக்கொண்டது. ‘குச்சிந்தா’ என்று அதற்குப் பெயர் வைத்து, ஆற்றங்கரையில் சிலையும் வைத்தார்கள். வெளிநாட்டுப் பயணி அந்த வெண்கலப் பூனையோடு படம் எடுத்துக்கொள்ளலாம். உள்ளூர்வாசி அதன் உறவுக்காரனை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.

தெருப் பூனைகளின் கதை தனி. 1998-இல் கருத்தடை செய்து மீண்டும் அதே இடத்தில் விடும் திட்டம் ஒன்று தொடங்கியது, அடுத்த ஆண்டு பூனைகள் நலச் சங்கம் அமைந்தது. 2003-இல் சார்ஸ் நோய் பரவியபோது பயம் பூனைகள்மீது திரும்பியது. புளோக் புளோக்காகத் தெருப் பூனைகளைப் பிடித்துப்போனார்கள், கருத்தடைத் திட்டமும் நின்றது. அது மறுபடி அரசாங்க ஆதரவோடு உயிர்பெற 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் இருந்த எட்டு ஆண்டும் தொண்டூழியர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுக் கருத்தடை செய்தார்கள். காது நுனி சிறிதளவு வெட்டப்பட்ட பூனையைப் பார்த்தால் கருத்தடை ஆனது என்று பொருள். பெட்டைப் பூனை பிறந்த நான்கைந்து மாதத்திலேயே சினையாகிவிடும், இரண்டு மாதத்தில் ஈன்றுவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த எட்டு ஆண்டு நிறுத்தம் எத்தனை குட்டிகளாகப் பெருகியிருக்கும் என்று புரியும். தாழ்வாரத்தில் பீய்ச்சும் ஆண் பூனைப் பிரச்சினைக்கு மருந்தும் இந்த அறுவைதான். செய்துவிட்டால் பெரும்பாலான ஆண் பூனைகள் அந்தப் பழக்கத்தை விட்டுவிடும்.

2012-இல் ஒரு சின்னத் திறப்பு ஏற்பட்டது, அதுவும் சோங் பாங்கில்தான். கிராமம் போய், அதே பெயரில் ஈசூனில் எழுந்த வீவகப் பேட்டை இது. அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், அப்போது சட்ட அமைச்சராக இருந்த கா. சண்முகம், பூனை வளர்ப்பைச் சோதித்துப் பார்க்கும் முன்னோடித் திட்டத்துக்கு ஆதரவாக நின்றார். கருத்தடை, நுண்சில்லு, வீட்டுக்குள் வளர்ப்பு ஆகியவைதான் அதன் நிபந்தனைகள். அதே ஈசூனில்தான் 2015, 2016-இல் அடுத்தடுத்துப் பூனைகள் கொடூரமாகக் கொல்லப்பட்டுக் கிடந்தன என்பதும் மறக்கக்கூடியதல்ல. முன்னோடித் திட்டம் நாடு முழுவதற்கும் வர இன்னும் 12 ஆண்டு பிடித்தது. நிதானம் நம் அரசாங்கத்துக்குப் பழக்கமானது என்றாலும் இது கொஞ்சம் அதிகம்தான்.

இந்த இடைவெளியில் இன்னொரு பக்கம் தோட்டங்கள் பெருகின. இதைக் கவனிக்காமல் பூனைச் சண்டையைப் புரிந்துகொள்ள முடியாது. தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் சமூகத் தோட்ட இயக்கத்தைத் தொடங்கியது. பேட்டைக்குப் பேட்டை கத்திரியும் வெண்டையும் பாகற்கொடியும் முளைத்தன. 2016-இல் ஹார்ட்பார்க் பூங்காவில் தனித்தனித் தோட்டப் பாத்திகளை வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், வரி சேராமல் ஆண்டுக்கு 57 வெள்ளி. பிறகு 2020-இல், கொவிட்டில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, கீரை விதைப் பொட்டலங்கள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இலவசமாக வந்துசேர்ந்தன. அதுவரை மணி பிளான்ட்டை மட்டும் வளர்த்தவர்கள் கங்கோங்கும் தக்காளியும் விதைத்தார்கள். முன்பு தொட்டியில் இருந்தது அழகுச்செடி. பூனை அசுத்தம் செய்தால் எரிச்சல், அவ்வளவுதான். இப்போது தொட்டியில் இருப்பது மதியச் சாப்பாடு.

எரிச்சலோடு அச்சமும் சேர்வதற்கு நியாயம் உண்டு. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் குடலில்தான் தன் முட்டை போன்ற கூடுகளை உண்டாக்கி மலத்தோடு வெளியேற்றும். முதல்முறை தொற்றிய பூனை ஒன்று முதல் மூன்று வாரம் வரை இதை வெளியேற்றும். வெளியே வந்த உடனே அது தொற்றாது. முற்றித் தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதன் பிறகு ஈரமண்ணில் மாதக்கணக்கில், ஓராண்டுக்கு மேலும்கூட, உயிரோடு கிடக்கும். பெரும்பாலோருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. கர்ப்பிணிக்கு முதன்முறையாகத் தொற்றினால் கருவிலுள்ள குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். எனவே தோட்ட வேலைக்குக் கையுறை, கீரையை நன்றாக அலசுவது, கர்ப்பிணி பூனை மண்ணைத் தொடாமல் இருப்பது, இந்த மூன்றும் போதும். வீட்டுக்குள்ளேயே இருந்து, கடையில் வாங்கும் தீனி தின்னும் பூனைக்கு இந்தத் தொற்று வரும் வாய்ப்பு மிகவும் குறைவு. எலியும் பறவையும் பிடித்துத் தின்னும் ஊர்சுற்றிக்குத்தான் வரும். அதைத்தான் பக்கத்து வீட்டுத் தொட்டிக்குள் அனுப்புகிறோம்.

பூனையை முழுநேரமும் வீட்டுக்குள் வைக்க முடியும் என்று ஆனதற்கு ஒரு தற்செயல் காரணம். 1947-க்கு முன் மேலைநாடுகளிலும் பூனைக்கு மணலும் அடுப்புச் சாம்பலும்தான். அமெரிக்காவின் மிச்சிகனில் எட் லோ என்ற வியாபாரியிடம் ஒரு பெண்மணி, மணல் பனியில் உறைந்துவிட்டது என்று மாற்றுக் கேட்டு வந்தார். எண்ணெய்க் கசிவை உறிஞ்சத் தான் விற்றுவந்த ஒருவகைக் களிமண் குருணையை எட் லோ கொடுத்தனுப்பினார். வாடையை அது அடக்கியது. அதிலிருந்து பூனை மண் ஒரு பெரும் வியாபாரம் ஆனது. பின்னர், ஈரம் பட்டதும் உருண்டையாகத் திரளும் பெண்டோனைட் மண் 1980-களில் வந்தது. இன்று சிங்கப்பூர்க் கடைகளில் தவ்வுச் சக்கையில் செய்த குருணையும் மூட்டை மூட்டையாக விற்கிறது. அன்று கம்பத்து மண் இலவசமாகச் செய்த வேலையை இன்று காசு கொடுத்து வாங்குகிறோம். செலவு பூனை வைத்திருப்பவருடையது. தடைக்காலத்தில் அந்தச் செலவைத் தொட்டிக்காரர் தலையில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

2022-இல் விலங்குநல மருத்துவச் சேவை பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது, பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் வீவக வீடுகள் உட்பட எங்கும் வளர்க்கத்தக்க செல்லப்பிராணி பூனை என்றார்கள். 2024 செப்டம்பரில் விதி மாறியது. வீவக வீட்டில் இரண்டு பூனை, தனியார் வீட்டில் மூன்று. ஒவ்வொன்றுக்கும் நுண்சில்லு, உரிமம். முதல்முறை உரிமம் எடுப்பவர் ஓர் இணையவழிப் பாடத்தை முடிக்க வேண்டும், அது இலவசம். ஏற்கெனவே கூடுதலாக வைத்திருப்பவர்கள் 2026 ஆகஸ்ட் வரையிலான இடைக்காலத்துக்குள் விண்ணப்பித்தால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம். பூனை வெளியே ஓடாமலும் மாடியிலிருந்து விழாமலும் சன்னலுக்கும் இரும்புக் கதவுக்கும் வலை போடுவது உரிமையாளர் பொறுப்பு. வெளியே கொண்டுபோனால் வாரோ கூண்டோ வேண்டும். வசதி குறைந்த குடும்பங்களின் பூனைகளுக்குக் கருத்தடை உதவியும், தெருப் பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து வீடு தேடித் தருவதற்கோ திரும்ப விடுவதற்கோ தனித் திட்டமும் அதே நேரத்தில் வந்தன.

‘பூனைக்கு அனுமதி கிடைத்துவிட்டது’ என்றுதான் பத்திரிகைத் தலைப்புகள் கொண்டாடின. என் பார்வையில் பெரிய மாற்றம் அனுமதி அல்ல. பூனையின் தோலுக்கடியில் இருக்கும் அரிசி அளவுச் சில்லு ஒரு பெயரையும் முகவரியையும் காட்டுகிறது. “எங்க வீட்டுப் பூனை இல்ல” என்று இனிச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, பூனை வைத்திருப்பது குற்றமில்லையே. கதவைத் தட்டும் அக்காவுக்கும் மனச்சுமை இல்லை, புகார் கொடுத்தால் பூனை செத்துவிடும் என்ற பயம் வேண்டாம். 35 ஆண்டு காணாமல் போயிருந்த உரிமையாளர் திரும்பி வந்திருக்கிறார்.

அதே 2024-இல், ஜூன் 10 முதல் இங்கிலாந்திலும் வளர்ப்புப் பூனைக்கு நுண்சில்லு கட்டாயம் ஆனது. ஆனால் அங்கே பூனை வேலி தாண்டிப் போய்ப் பக்கத்துத் தோட்டத்தில் மலம் கழித்ததற்காக உரிமையாளரைச் சட்டத்தின் முன் நிறுத்துவது நடக்காத காரியம். பூனை சுற்றும், அது அதன் சுபாவம் என்பதே அவர்கள் நிலை. ஆளுக்கொரு தோட்டம் இருக்கும் ஊருக்கு அது பொருந்தலாம். ஒரே தாழ்வாரத்தில் பத்துக் கதவு இருக்கும் ஊருக்குப் பொருந்தாது. இங்கே 2015-இன் சமூகப் பூசல் தீர்வுச் சட்டம், ஒருவரின் பொறுப்பிலுள்ள விலங்கு அண்டை வீட்டருகே மலஜலம் கழிப்பதையும் நாற்றமடிப்பதையும் தொல்லை என்றே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை இழப்பீடு வழங்கலாம். கறிவேப்பிலைக்காக யாரும் அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1998 முதல் இருக்கும் சமூக சமரச நிலையம் போதும், அதற்கு முன்னால் ஒரு காப்பி போதும்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. உரிமம் எடுத்துவிட்டோம், இனிப் பூனை எங்கும் போகலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தரை வீடுகளில் இந்த எண்ணம் அதிகம். மதில்மேல் ஏறி நான்கு வீட்டுத் தோட்டத்தைச் சுற்றிவரும் பூனையைப் பார்த்துப் பெருமைப்படுகிறார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் கையுறை போட்டுக்கொண்டு அள்ளுபவர் முகத்தை அவர்கள் பார்ப்பதில்லை. வீவக வீட்டிலும் வலை போட்டுவிட்டு, ‘கொஞ்ச நேரம் காற்றாடட்டும்’ என்று மாலையில் கதவைத் திறந்துவிடும் வழக்கம் போகவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாம் நடக்கிறது. பூனையை அடைப்பது கொடுமை என்று வாதாடுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். காரில் அடிபடுவதும், பன்னிரண்டாம் மாடியிலிருந்து விழுவதும், எங்கோ யாரோ வைத்த விஷத்தைத் தின்பதும் அதைவிடக் கொடுமை. ஏறி உட்கார ஓர் அலமாரி, வெளியே பார்க்க வலைபோட்ட ஒரு சன்னல், அன்றாடம் விளையாட ஓர் ஆள் இருந்தால் பூனை வீட்டுக்குள் நன்றாகவே வாழும்.

வீட்டுக்குள் இருந்தும் மண்பெட்டியைப் புறக்கணிக்கும் பூனை உண்டு. பெரும்பாலும் தப்பு பெட்டியில்தான், அழுக்காக இருக்கும். பூனை எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக வைப்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அன்றாடம் அள்ளிக் கட்டிக் குப்பைக்குழாயில் போட வேண்டும், கழிப்பறையில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அன்றன்றைக்கு அள்ளினால், மேலே சொன்ன ஒட்டுண்ணி தொற்றும் நிலைக்கு வருவதற்குள் வீட்டை விட்டுப் போய்விடும்.

கீழ்த்தளத்துச் சமூகப் பூனைக்கு முகவரி இல்லை. ஆனால் அதற்குச் சோறு வைப்பவருக்கு உண்டு. சோறு வைப்பது இங்கே குற்றமில்லை, மிச்சத்தை அப்படியே விட்டுப் போவது குப்பை போட்ட குற்றம். நல்ல தொண்டூழியர்கள் உணவு வைத்து, தின்னும்வரை காத்திருந்து, தட்டை எடுத்துத் தரையைத் துடைத்துவிட்டுப் போகிறார்கள். தோட்டத்திலிருந்து தள்ளி ஒரு மூலையில் வைக்கிறார்கள். தட்டோடு ஓடிவிடுபவர்களால்தான் அவர்களுக்கும் கெட்ட பெயர்.

தொட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மண்மேல் சாத்தே குச்சிகளை நெருக்கமாகக் குத்தி வையுங்கள், அல்லது கோழிவலையை வெட்டிப் பரப்பிக் கூழாங்கல்லை நிரப்புங்கள். தோண்ட முடியாத மண்ணைப் பூனை விரும்பாது. பாச்சை உருண்டை வேண்டாம், அது பூனைக்கு நஞ்சு, உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் நஞ்சு. தொட்டியைச் சுவரோரம் ஒதுக்கி, தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விடுங்கள். அது பூனைக்காக அல்ல, தீயணைப்பாளர்களுக்காக.

உரிமத்துக்கான இடைக்காலம் 2026 ஆகஸ்ட் 31-உடன் முடிவதாக விதி சொல்கிறது. அதுவரை கருத்தடை செய்த பூனைக்கு உரிமக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு உரிமமின்றிப் பூனை வைத்திருந்தால் குற்றம். உங்கள் வீட்டுப் பூனைக்கு இன்னும் சில்லு போடவில்லை என்றால் போடுங்கள், சன்னலுக்கு வலை அடியுங்கள். மாலையில் அந்தக் கதவையும் மூடியே வையுங்கள்.